இரண்டு வயதுக் கால்கள்

2006 பிப்ரவரி கடைசியில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள கால்டர் ரேஸ் கோர்ஸில் இரண்டு வயதுக் குதிரைகளை ஏலம் விட்டார்கள். இந்த வகை ஏலங்களில் ஒரு வழக்கம் உண்டு. விற்பனைக்கு வரும் குட்டி, வாங்க வந்தவர்களின் முன்னால் ஒரு பர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர், முழு வேகத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அந்த ஆண்டு ஓர் ஆண் குட்டி அந்தத் தூரத்தை 9.8 வினாடியில் கடந்தது. மணிக்குக் கணக்கிட்டால் 74 கிலோமீட்டர் வேகம். வம்சாவளியும் பெரியது. உலகின் பெரிய பண்ணைக்காரர்கள் போட்டி போட்டு விலையை ஏற்ற, கடைசியில் அயர்லாந்தின் கூல்மோர் நிறுவனத்தார் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு அதை எடுத்தார்கள். பொது ஏலத்தில் தரோபிரெட் என்ற பந்தய இனத்துக் குதிரை ஒன்றுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதற்கு ‘தி கிரீன் மங்கி’ என்று பெயர் வைத்தார்கள். வாழ்நாளில் அது மூன்று பந்தயம் ஓடியது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சம்பாதித்த பரிசுப் பணம் மொத்தம் 10,440 டாலர்.

இதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1976-ல், கென்டக்கியின் கீன்லேண்ட் ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி ஒன்று 1,100 டாலருக்குப் போனது. ஆள் சிறியது, குணம் முரட்டுத்தனம், முன்னங்கால் முட்டி பின்பக்கமாகச் சற்று வளைந்திருந்தது. குதிரை தெரிந்தவர்கள் ஒதுக்கித் தள்ளும் குறை அது. ஜான் ஹென்றி என்ற அந்தக் குதிரை 83 பந்தயங்கள் ஓடி 39-ல் ஜெயித்தது. 65 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. ஒன்பது வயதில், 1984-ல், அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை என்ற விருதை இரண்டாம் முறையாக வாங்கியது. பெரும்பாலான பந்தயக் குதிரைகள் ஐந்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும்.

இளங்குதிரையை எப்படி எடை போடுவது, அதை எத்தனை முறை ஓடவிடுவது என்ற இரண்டு கேள்விகளையும் பந்தய உலகம் தனித்தனியாகவே பேசுகிறது. முதல் கேள்வி வாங்குபவருடையது, இரண்டாவது பயிற்சியாளருடையது என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். எனக்கு இவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. தோலுக்கு அடியில் அந்தக் கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. கடந்த நாற்பது ஆண்டுகளில் கால்நடை அறிவியல் இதற்கு நிறையப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களில் சில பழைய நம்பிக்கைகளைத் தலைகீழாகப் புரட்டுகின்றன.

முதலில் கண்ணால் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். கீன்லேண்டில் செப்டம்பர் மாத ஏலத்துக்கு ஆயிரக்கணக்கான ஒரு வயதுக் குட்டிகள் வரும். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். வாங்குபவர் குட்டியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பார், பிறகு நடக்கவிடச் சொல்வார். நடையில் அவர் தேடுவது, பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் முன்னே விழுகிறது என்பது. தாராளமாகத் தாண்டி விழுந்தால், இடுப்பும் தோளும் நன்றாக வீசி இயங்குகின்றன என்று அர்த்தம். அடுத்து முட்டி நேராக இருக்கிறதா, குளம்பு உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா என்று பார்ப்பார். தேர்ந்த கண் ஒரு குட்டிக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் செலவிடுவதில்லை.

நேரான கால்தான் நல்ல கால் என்பது இந்தத் தொழிலின் வேதவாக்கு. கால் கோணலாகப் பிறந்த குட்டிகளுக்கு, ஏலத்துக்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்துகிறார்கள். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்ன் மெக்கில்ரெய்த் குழுவினர் தரோபிரெட் குட்டிகளின் கால்களை அளந்து, அவை பந்தயத்துக்கு வந்த பிறகு எங்கே அடிபட்டன என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2003-ல் வெளியான அந்த முடிவு தொழிலில் இருந்தவர்களை யோசிக்க வைத்தது. முட்டிகள் சற்று உள்ளே ஒதுங்கி, கீழ்க்கால் லேசாக வெளிப்புறம் சாய்ந்திருந்த குதிரைகளுக்கு முட்டி எலும்பு முறிவு குறைவாக இருந்தது. கண்ணுக்குக் குறையாகத் தெரிந்த அந்தச் சிறு சாய்வு காலைக் காப்பாற்றியிருக்கிறது. குளம்புக்கு மேலே உள்ள பகுதி நீளமாக இருந்தால் முன்னங்கால் முறிவுக்கான வாய்ப்பு கூடியது. கீழ்க்கால் எலும்பு முட்டிக்கு நேர்கீழே இல்லாமல் வெளிப்பக்கம் தள்ளி அமைந்திருந்தால் கணு மூட்டில் தொல்லை வந்தது. அப்படியானால் எல்லாக் கோணலும் கெட்டதில்லை. விற்பனைக்காக ஒரு குட்டியின் காலை நிமிர்த்துகிறவர், அதன் பாதுகாப்பையும் சேர்த்து அகற்றிவிடக்கூடும்.

எக்ஸ்ரே படங்களின் கதையும் இதுதான். பெரிய ஏலங்களில் ஒவ்வொரு குட்டிக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை வாங்குபவரின் மருத்துவர் பார்ப்பதற்கென்றே ஓர் அறையில் வைக்கிறார்கள். மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுத் தொண்டையையும் பார்க்கிறார்கள். குரல்வளையின் இடப்பக்க நரம்பு பலவீனப்பட்டால் மூச்சுப் பாதை முழுதாகத் திறக்காது, ஓடும்போது உறுமல் போன்ற சத்தம் வரும். தொண்டைச் சோதனை பயனுள்ளது. காரணம், நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று பூட்டிய தாளத்தில்தான் மூச்சுவிட முடியும். காற்று குறைந்தால் வேறு எதுவும் ஈடு செய்யாது. எக்ஸ்ரேயில் தெரியும் சிறு மாற்றங்களில் பெரும்பகுதி பிற்காலப் பந்தயத்தைப் பாதிப்பதில்லை என்று அதே கொலராடோ குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பார்த்துச் சொன்னார்கள். ஆனாலும் படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் விலை சரிகிறது.

மரபணுப் பரிசோதனையும் வந்துவிட்டது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எம்மெலின் ஹில் குழுவினர் 2010-ல் மயோஸ்டேட்டின் என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு அது. அதன் ஒரு வடிவம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் குதிரை குறுகிய தூரத்தில் சீறும், சீக்கிரம் முதிரும். இன்னொரு வடிவம் இரட்டையாக வந்தால் நீண்ட தூரம் தாங்கும், முதிர நாளாகும். ஆளுக்கொன்று வந்தால் நடுத்தரம். இரண்டு வயதிலேயே இந்தக் குட்டியை ஓட்டலாமா, மூன்று வயதுவரை காத்திருக்கலாமா என்று முடிவு செய்ய இது கைகொடுக்கும். ஆனால் குதிரை எந்தத் தூரத்துக்கு ஏற்றது என்றுதான் இது சொல்லும், கெட்டிக்காரக் குதிரையா என்று சொல்லாது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறனையே பெரிதும் சார்ந்த ஆட்டம் என்று 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மெட்ராஸ் ரேஸ் கிளப்பைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொள்ளக் கொண்டுவந்த சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கு அது. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அந்தத் திறனின் எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு தி கிரீன் மங்கியைவிட நல்ல சாட்சி கிடையாது.

குட்டியின் வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். வட அரைக்கோளத்தில் எல்லா தரோபிரெட் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆகஸ்ட் 1. ஜனவரியில் பிறந்ததும் மே கடைசியில் பிறந்ததும் பந்தயக் கணக்கில் ஒரே வயது. பள்ளியில் ஒரே வகுப்பில் உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே பத்துப் பதினொரு மாத இடைவெளி இருந்தால் அதில் சின்னது எப்படித் திணறுமோ, அதேதான் இங்கும். ஆகவே பண்ணைக்காரர்கள் குட்டி சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். பெண் குதிரை இயற்கையில் பகல் நீளும் வசந்த காலத்தில்தான் பருவத்துக்கு வரும். டிசம்பரிலிருந்தே லாயத்தில் இரவில் விளக்கைப் போட்டு, பகல் நீண்டுவிட்டது என்று அதன் உடலை நம்ப வைக்கிறார்கள். கர்ப்ப காலம் பதினொரு மாதம். கணக்குச் சரியாக விழுந்தால் குட்டி ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும்.

இந்தக் கணக்கில் தோற்றிருக்க வேண்டிய குதிரை நார்தர்ன் டான்சர். கனடாவில் 1961 மே 27 அன்று பிறந்தது. சட்டப்படி இரண்டு வயதானபோது அதற்கு உண்மையில் பத்தொன்பது மாதம். குட்டையான உடல்வாகு. ஒரு வயதில் 25,000 டாலர் விலை சொல்லியும் கேட்க ஆளில்லை. விலை போகாததால் உரிமையாளர் இ. பி. டெய்லரிடமே தங்கியது. அது 1964-ல் அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியை சரியாக 2 நிமிடத்தில் ஓடி ஜெயித்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான தந்தைக் குதிரை ஆனது. இன்று உலகின் எந்தப் பெரிய பந்தயத்தை எடுத்தாலும் அதன் ரத்தம் இல்லாத குதிரையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அதன் பந்தய வாழ்க்கை 18 ஓட்டங்களோடு முடிந்தது. அதில் ஒன்பது இரண்டு வயதிலேயே ஓடியவை. மூன்று வயதில் முன்னங்கால் தசைநாண் கெட்டு ஓய்வு பெற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், குதிரையின் வெவ்வேறு உறுப்புகள் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன, வெவ்வேறு வேகத்தில் தேறுகின்றன. எந்தக் குதிரைக்கும் வயது ஒன்றல்ல.

எலும்பு நீளவாக்கில் வளர்வது அதன் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டில். கணு மூட்டுக்கு மேலே உள்ள தட்டு ஒரு வயதுக்கு முன்பே மூடிவிடும். முட்டிக்கு மேலே உள்ளது மூட இரண்டு முதல் இரண்டரை வயதாகும். முதுகெலும்பில் இன்னும் பல ஆண்டு பிடிக்கும். கவனமுள்ள பயிற்சியாளர்கள் வேகப் பயிற்சிக்கு முன் முட்டியை எக்ஸ்ரே எடுத்து, தட்டு திறந்திருக்கிறதா மூடிவிட்டதா என்று பார்க்கிறார்கள். இரண்டு வயதில் குதிரை முழு உயரத்தில் 95 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பார்வைக்கு வளர்ந்த குதிரைதான். ஏமாறுவது இங்கேதான்.

ஏமாற்றுவதற்கு இதயமும் நுரையீரலும் உதவி செய்கின்றன. நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பத்தைந்து தடவை துடிக்கும் குதிரையின் இதயம், பந்தயத்தில் 220-ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் பீய்ச்சும். உடல் எடைக்கு எடை கணக்கிட்டால், குதிரை பயன்படுத்தும் ஆக்சிஜன் சிறந்த மனித ஓட்டக்காரரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இயந்திரம் சில வாரப் பயிற்சியிலேயே தயாராகிவிடும். பந்தயத்தில் தீர்ந்த தசைச் சர்க்கரை திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் போதும். ஒரு வாரத்தில் குதிரை துள்ளிக் குதிக்கும், தீவனத் தொட்டியைக் காலி செய்யும், ஓடத் தயார் என்று காட்டும். எலும்போ அப்போதுதான் தன் வேலையை ஆரம்பித்திருக்கும்.

முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கணம் 500 கிலோ உடலின் பாரம் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்தக் கணத்தில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. முட்டிக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள கேனன் எலும்பு அதைத் தாங்குகிறது. ஒவ்வொரு வேக ஓட்டத்திலும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். அவற்றைச் சரிசெய்ய, முதலில் ஒருவகைச் செல்கள் சேதமான பகுதியைக் கரைத்து எடுக்கும். அதற்குச் சில வாரம். பிறகு வேறுவகைச் செல்கள் புது எலும்பைப் போட்டு நிரப்பும். அதற்குப் பல மாதம். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எலும்பு துளைகளோடு, முன்பைவிட மெலிந்து இருக்கிறது. குதிரைக்கு வலிக்காது. வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

இளங்குதிரைகளில் இந்தச் சேதம் முதலில் வெளிப்படும் இடம் கேனன் எலும்பின் முன்புறம். தொட்டால் சூடாக இருக்கும், அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் அந்த இடம் புடைத்துவிடும். அமெரிக்காவில் பயிற்சிக்கு வரும் இரண்டு வயதுக் குதிரைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இது வருகிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் கணக்கிட்டார். நூறாண்டுகளாக இதைச் சின்னம்மை மாதிரி, எல்லாக் குட்டிக்கும் ஒருமுறை வந்து போவது என்று விட்டுவைத்திருந்தார்கள். சூடு போடுவது, எரிச்சலூட்டும் தைலம் தடவுவது என்று கைவைத்தியங்கள் இருந்தன. ஏன் வருகிறது என்று கேட்டவர் நுனமேக்கர்.

அவரும் சக ஆய்வாளர்களும் உயிருள்ள குதிரைகளின் கேனன் எலும்பில் உணரிகளை ஒட்டி ஓடவிட்டார்கள். மெதுவான பாய்ச்சலில் எலும்பு வளையும் விதம் ஒன்று, பந்தய வேகத்தில் வளையும் விதம் வேறொன்று என்று தெரிந்தது. வேகம் மாறும்போது சுமையின் அளவு கூடுவதோடு, அது விழும் திசையும் மாறிவிடுகிறது. எலும்பு தனக்குப் பழக்கப்பட்ட சுமைக்கு ஏற்பத்தான் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். வழக்கமான பயிற்சி என்ன? மாதக்கணக்கில் மைல் கணக்கான தூரம் மெதுவாக ஓட்டுவது, பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை நீண்ட வேக ஓட்டம். மெதுவான ஓட்டம் எலும்பைத் தவறான பக்கத்தில் தயார் செய்துகொண்டிருந்தது. வேக நாளில் தயாராகாத முன்பக்கம் அடி வாங்கியது. ஆகவே அவர் வைத்த தீர்வு எளிமையானது. மெதுவான ஓட்டத்தின் தூரத்தைக் குறை. தொடக்கத்திலிருந்தே வாரத்துக்கு இருமுறை, மிகக் குறுகிய தூரம் மட்டும் வேகமாக ஓடவிடு. படிப்படியாகத் தூரத்தைக் கூட்டு. பின்னர் பல பயிற்சியாளர்களின் இருநூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கவனித்தபோது கணக்கு அவர் பக்கமே நின்றது. மெதுவாக ஓடிய தூரம் கூடிய குதிரைகளுக்கு இந்த நோய் அதிகம். குறுகிய வேக ஓட்டம் அடிக்கடி கிடைத்தவற்றுக்குக் குறைவு.

குட்டியை இரண்டு வயதில் தொடவே கூடாது, நான்கு வயதுவரை மேயவிட வேண்டும் என்று சொல்கிற இரக்கமுள்ளவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடலியல் அவர்கள் பக்கம் இல்லை. தசைநாண் வளரும் பருவத்தில்தான் உழைப்புக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் என்று லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக்குப் பிறகு அந்த வாய்ப்பு மூடிவிடுகிறது. அதன்பின் தேய்மானம் மட்டுமே. பாய்ச்சலின்போது முன்னங்கால் தசைநாணின் உள்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது, வேறு செல்கள் என்றால் செத்துவிடும் சூடு அது. நார்தர்ன் டான்சரின் ஓட்டத்தை முடித்ததும் இந்தத் திசுதான். நியூசிலாந்தின் மேசி பல்கலைக்கழகத்தில் புல்வெளியில் வளர்ந்த குட்டிகளுக்குச் சிறுவயதிலிருந்தே கூடுதலாக அளவான ஓட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதல் எதுவும் தெரியவில்லை. இரண்டு வயதில் பயிற்சிக்கு வந்த குதிரைகள் அதிக ஆண்டுகள் ஓடின என்பதையும் அந்நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் 2009 முதலான காயத் தரவுகளிலும் உயிரிழப்பு விகிதம் மிகக் குறைவாக இருப்பது இரண்டு வயதுக் குதிரைகளிடையேதான். இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இரண்டு வயதில் எவ்வளவு ஓட்டினாலும் பரவாயில்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இரண்டு வயதில் பந்தயத்துக்கு வந்து நிற்கும் குதிரை ஏற்கெனவே சல்லடையில் தங்கிய குதிரை. கால் வலித்ததும் முட்டி வீங்கியதும் லாயத்தில் நின்றுவிட்டன. அவை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதோடு அவற்றின் எலும்பில் இன்னும் பல பருவங்களின் சேதம் சேரவில்லை.

சேதம் எப்படிச் சேர்கிறது என்பதைக் கலிஃபோர்னியா காட்டியது. அங்கே 1990 முதல் பந்தயத் திடலில் இறக்கும் ஒவ்வொரு குதிரையையும் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சூ ஸ்டோவர் அந்த எலும்புகளை வரிசையாக ஆராய்ந்தார். திடீர் விபத்து என்று எல்லோரும் நினைத்த முறிவுகளில் பெரும்பாலானவை முறிந்த இடத்திலேயே பழைய விரிசலின் தடயத்தோடு இருந்தன. வாரக்கணக்கில் வளர்ந்துவந்த காயம் பந்தயத்தன்று முற்றியிருக்கிறது. அப்படியென்றால் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியும். இரண்டு மாதத்துக்குள் வேக ஓட்டத்தின் மொத்தத் தூரம் எகிறிய குதிரைகளுக்கு ஆபத்து கூடியது, இது எதிர்பார்த்ததே. எதிர்பாராத விஷயம் இன்னொன்று. தோளுக்குக் கீழுள்ள எலும்பு உடைந்த குதிரைகளில் பல, இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓய்வெடுத்துவிட்டு வேகப் பயிற்சிக்குத் திரும்பி ஓரிரு வாரம்தான் ஆகியிருந்தது. ஓய்வில் உடல் பழைய விரிசல்களைக் கரைத்துக்கொண்டிருக்கிறது, எலும்பு துளையாகி நிற்கிறது. அந்த நேரத்தில் புத்துணர்ச்சியோடு வந்த குதிரையைப் பார்த்து, நன்றாக இளைப்பாறிவிட்டது என்று விரட்டினால் எலும்பு தாங்காது.

ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடலாம் என்ற கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. பழைய காலத்துக் கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1948-ல் சைட்டேஷன் என்ற குதிரை மூன்று வயதில் 20 முறை ஓடி 19-ல் ஜெயித்தது. அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களான ட்ரிபிள் கிரவுனுக்கு நடுவே, சும்மா இருக்க வேண்டாம் என்று இன்னொரு பந்தயமும் ஓடியது. அந்தக் காலக் குதிரைகள் இரும்பு என்று பெருமையாகச் சொல்பவர்கள், சைட்டேஷன் கணு மூட்டுக் கோளாறால் 1949 முழுக்க ஒரு பந்தயம்கூட ஓடவில்லை என்பதைச் சொல்வதில்லை. செக்ரட்டேரியட் 1972 ஜூலையிலிருந்து நவம்பர் வரை இரண்டு வயதில் ஒன்பது முறை ஓடியது. முதல் ஓட்டத்தில் இடிபட்டு நான்காவதாக வந்தது. அடுத்த ஆண்டு பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் ஜெயித்தது. 2018-ல் ட்ரிபிள் கிரவுன் வென்ற ஜஸ்டிஃபை இரண்டு வயதில் ஓடவே இல்லை. வாழ்நாளிலேயே ஆறு ஓட்டம்தான்.

1960-ல் அமெரிக்காவில் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 முறைக்கு மேல் ஓடியது. இப்போது ஆறு முறையை ஒட்டி நிற்கிறது. குதிரைகள் நலிந்துவிட்டன என்பது பொதுவான புகார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பெரிய காரணம் பணம் என்றே நினைக்கிறேன். ஜஸ்டிஃபை பண்ணைக்குப் போன முதல் ஆண்டில் ஒரு சேர்க்கைக்கு 1,50,000 டாலர் கட்டணம் வைத்தார்கள். அப்படிப்பட்ட குதிரையை மீண்டும் திடலில் இறக்கித் தோற்கவிட யார் துணிவார்கள்? விதையடிக்கப்பட்ட ஜான் ஹென்றிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் ஒன்பது வயதுவரை ஓடியது.

இன்னொரு காரணம் ஒரு கோட்பாடு. நியூயார்க்கின் லென் ராகோசின் பந்தய நேரங்களைத் திருத்திக் கணித்து விற்ற தாள்கள் வழியாகப் பரவியது அது. மிகச் சிறப்பாக ஓடிய குதிரை அடுத்த ஓட்டத்தில் சரியும், ஆகவே நன்றாக ஓடியதும் நீண்ட இடைவெளி கொடு என்பது அதன் சாரம். இதில் உடலியல் பாதி, புள்ளியியல் பாதி. எந்தக் குதிரையாவது தன் வழக்கத்தைவிட அசாதாரணமாக ஓடியது என்றால், தடம், காற்று, போட்டி என்று பலவும் அன்று சாதகமாகக் கூடியிருக்கும். அடுத்த முறை அது தன் சராசரிக்குத் திரும்புவது இயல்பு, களைத்திருந்தாலும் களைக்காவிட்டாலும். இந்தச் சரிவைப் பார்த்துப் பயந்து, திடமான குதிரைகளையும் ஆறேழு வாரம் நிறுத்திவைக்கிறார்கள். எலும்புக்கு அந்த நிறுத்தம் நன்மை செய்ததா என்று கேட்பதில்லை.

எதைப் பார்த்து முடிவு செய்வது? நல்ல லாயங்களில் விடியலுக்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிடும். இரவுக் கட்டைப் பிரித்ததும் பயிற்சியாளர் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தசைநாணின் இருபக்கமும் படும்படி மேலிருந்து கீழே வருடிக்கொண்டே வருவார். நேற்று இல்லாத சூடு, விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய தடிப்பு, அழுத்தியதும் சுண்டும் தோல், இவற்றைத் தேடுகிறார். இரண்டு கால்களையும் ஒப்பிடுவார். தொட்டியில் தீவனம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார். பிறகு கெட்டியான தரையில் ஓட்டநடையில் விட்டு, தலை மேலும் கீழும் ஆடுகிறதா என்று கவனிப்பார். முன்னங்கால் வலித்தால் அந்தக் காலை ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும். ஒரே கையும் கண்ணும் ஒவ்வொரு நாளும் பார்த்தால்தான் மாற்றம் பிடிபடும்.

விரலுக்கு எட்டாததைக் கருவி காட்டுகிறது. கலிஃபோர்னியாவின் சான்டா அனிட்டா திடலில் 2019-ன் முதல் சில மாதங்களில் குதிரைகள் அடுத்தடுத்து இறந்து நாடே கொதித்தது. அந்த ஆண்டு கடைசியில் அங்கே ஒரு பெட் ஸ்கேன் கருவி வந்தது. குதிரையை மயக்காமல், நிற்க வைத்தே கணு மூட்டைப் படம் எடுக்கும். எக்ஸ்ரேயில் சுத்தமாகத் தெரியும் எலும்பில்கூட எங்கே கரைப்பு மும்முரமாக நடக்கிறது என்று ஒளிர்ந்து காட்டும். 2020-ல் நிறைவேறிய சட்டத்தின்படி குதிரைப் பந்தயத்துக்கு நாடு தழுவிய பாதுகாப்பு ஆணையமும் அமைந்தது. ஆயிரம் ஓட்டத்துக்கு எத்தனை குதிரை இறக்கிறது என்ற கணக்கு 2009-ல் 2.00. ஆணையத்தின் கீழுள்ள திடல்களில் 2024-ல் அது 0.90. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சாவது விதி என்று கைகட்டி நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதில் பயிற்சி தேவை, குறுகிய வேக ஓட்டங்களோடு. முட்டித் தட்டு மூடி, கேனன் எலும்பு தொடக் குளிர்ந்திருக்கும் குதிரைக்கு அந்த ஆண்டில் மூன்று நான்கு பந்தயம் கெடுதல் செய்யாது. அவற்றுக்கு இடையே நான்கு வாரமாவது வேண்டும். ஓய்வு கொடுத்தால், திரும்பி வரும்போது முதல் மாதத்தை ஆபத்தான மாதமாக எண்ணி மெல்லத்தான் ஏற்ற வேண்டும். ஏலத்தில் ஒரு பர்லாங் விரட்டிக் காட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பத்து வினாடியில் தெரிவது வேகம் மட்டுமே, அதற்கு விலை கொடுப்பதோ குட்டியின் கால். ஐந்து வாரத்துக்குள் மூன்று பந்தயம் என்ற ட்ரிபிள் கிரவுன் அட்டவணையையும் விரிக்க வேண்டும். மரபு கெடும் என்கிறார்கள். 2025-ல் கென்டக்கி டெர்பியை ஜெயித்த சாவரின்ட்டியை, பயிற்சியாளர் பில் மாட் இரண்டாவது பந்தயமான பிரீக்னஸுக்கு அனுப்பவில்லை. ட்ரிபிள் கிரவுன் கனவைக் கைவிட்டதாகப் பலரும் குறை சொன்னார்கள். டெர்பிக்கு ஐந்து வாரம் கழித்து அது மூன்றாவது பந்தயமான பெல்மான்டை ஜெயித்தது. ஆகஸ்டில் டிராவர்ஸ் பந்தயத்தைப் பத்துக் குதிரை நீளத்தில் ஜெயித்தது.